கருமி போட்ட பத்து மார்க்

காலை பதினோரு மணிக்குத் தபால் வரும். அதற்கு முன்னால் லெக்சரர் அம்மாவிடம் ஒன்றும் கேட்கக் கூடாது. கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். மீதிப் பாதி, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கப் போயிருக்கும்.

கல்லூரியில் முப்பத்துநான்கு வருடம் பாடம் நடத்தியவர் அவர். பதினோரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆன பிறகும் தெருவில் எல்லாருக்கும் அவர் லெக்சரர் அம்மாதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் ஏதோ பெரிய கதை இருக்கும் என்று துருவிப் பார்த்தவர்கள் எல்லாம் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒரு கதையும் இல்லை. நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது மாடியில் அவருக்கு இரண்டு அறை. ஒன்றில் அவர் படுப்பார். இன்னொன்றில் அவருடைய காகிதங்கள் படுத்திருக்கும். இரண்டில் பெரிய அறை காகிதங்களுக்குத்தான்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பதில் வரும் என்று தெரிந்தால் எழுதத்தான் செய்வார்கள். லெக்சரர் அம்மா எல்லாவற்றுக்கும் பதில் போடுவார். நூலகத்து ஆண்டு விழாவில் பேசக் கூப்பிடும் கடிதத்துக்கும் போடுவார், முதல் புத்தகத்தை எழுதிவிட்டு முன்னுரை கேட்டுக் கெஞ்சும் கடிதத்துக்கும் போடுவார். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் மாதம் தவறாமல் எழுதுவார். அம்மாவின் மூன்றாவது நாவலில் வரும் பெண் வீட்டை விட்டுப் போனது தப்பு, எப்படியாவது அவளைத் திரும்பி வரவழையுங்கள் என்று ஒன்பது வருடமாக ஒரே மன்றாட்டு. ஒன்பது வருடமாக இவரும் ஒரு கார்டில் ஒரே பதில் எழுதிப் போடுவார்: "அவள் போய்விட்டாள் ஐயா. எனக்கே முகவரி சொல்லவில்லை."

இதெல்லாம் வேலை. வெள்ளிக்கிழமை வருவதுதான் கடிதம். பழுப்பு உறை, சோற்றுப் பானை மாதிரி வயிறு உப்பி வரும்.

"மேடம், உங்க வெள்ளிக்கிழமை வந்துடுச்சு" என்று தபால்காரர் கீழ்ப்படியிலிருந்தே குரல் கொடுப்பார். "இன்னைக்கு கனம் ஜாஸ்தி. சண்டை போட்டிருப்பாங்க போல."

"சண்டை போடாத வாரம் எது? ஏறி வாங்க, மூச்சு வாங்குது உங்களுக்கு. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அந்த உறையை அனுப்புகிறவரின் சொந்தப் பெயரைக் கேட்டால் லெக்சரர் அம்மாவே ஒரு நொடி யோசிப்பார். நாற்பத்தோரு வருடமாக அவர் தாராளம். இவர் கருமி.

அந்தப் பெயர் வந்தது பரீட்சைத் தாள் திருத்தும் முகாமில். இரண்டு பேரும் அப்போது சின்ன வயசு, வெவ்வேறு ஊர்க் கல்லூரிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். பெரிய கூடம், வரிசையாக மேசைகள், மேசைக்கு மேசை தாள் கட்டு, ஆளுக்கொரு சிவப்புப் பேனா. முதல் நாள் சாயங்காலம் தலைமைத் திருத்துநர் வந்து கட்டுகளைப் புரட்டினார். ஒருத்தி கையில் சிக்கிய கேள்விக்கெல்லாம் பத்துக்கு ஒன்பது. இன்னொருத்தி கையில் சிக்கியதெல்லாம் பத்துக்கு நாலு. மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க தாராளம். நீங்க கருமி. நாளையிலிருந்து ரெண்டு பேரும் ஒரே மேசை. கூட்டி ரெண்டால வகுத்தா பிள்ளைங்களுக்கு நியாயம் கிடைக்கும்."

பதினெட்டு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளுக்கும் மல்லுக்கு நின்றார்கள். முகாம் முடிந்து ஊர் போய்ச் சேர்ந்ததும் தாராளம் ஒரு நீளக் கடிதம் எழுதினார். கருமி அதைப் படித்தார். கையில் பேனா இருந்தது, பேனாவில் சிவப்பு மை இருந்தது. சும்மா இருக்க முடியவில்லை. "இவ்வளவு இழுப்பு எதற்கு?" என்று ஓரத்தில் எழுதினார். "இங்கே பொய். உன் மாமியாரை உனக்குப் பிடிக்கவே இல்லை" என்று இன்னொரு இடத்தில் கோடு போட்டார். கடைசியில் ஒரு வட்டம், அதற்குள் பத்துக்கு ஐந்து. தன் பதிலையும் எழுதி, திருத்திய தாளையும் அதோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் இவருடைய கடிதம் இவருக்கே சிவப்பாகத் திரும்பி வந்தது. பத்துக்கு ஒன்பது. பக்கத்தில் ஒரு குறிப்பு: "குறைத்த ஒன்று உன் திமிருக்கு."

அன்று பிடித்த பழக்கம் நிற்கவே இல்லை. பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். தாலி கட்டிக் குடித்தனம் நடத்தியவர்கள்கூட நாற்பது வருடம் ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க மாட்டார்கள். நேரில் பார்த்துக்கொண்டது ஏழெட்டுத் தடவை இருந்தால் அதிகம். பார்த்தபோதெல்லாம் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. எப்போது வீட்டுக்குப் போய் எழுதுவோம் என்று இருக்கும்.

தாராளம் எப்போதும் ஒன்பது போடுவார். கருமி நாலிலும் ஐந்திலும் நிற்பார். தாராளத்தின் வீட்டுக்காரர் இறந்தபோது பதினாறு பக்கம் ஒரு கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு லெக்சரர் அம்மா இரண்டு நாள் சிவப்புப் பேனாவைத் தொடவில்லை. பிறகு ஏழு போட்டார். அதுதான் அவர் கொடுத்ததில் உச்சம். "என் புருஷன் செத்ததுக்கு ரெண்டு மார்க்தான் கூடவா? பாவி" என்று எழுதிய தாராளம் அந்தத் தாளை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டி வைத்ததாகக் கேள்வி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காரியம் போன வருடம் மழைக்காலத்தில் இடறியது.

குளியலறைச் சுவரில் தண்ணீர் கசிகிறது, குழாய்க்காரன் வந்து சுவரை இடித்துப் போட்டுவிட்டு ஆளையே காணோம் என்று தாராளம் ஒரு வாரம் எழுதினார். அடுத்த வாரமும் அதையே எழுதினார். மூன்றாவது வாரமும் அதே சுவர், அதே குழாய்க்காரன், வார்த்தைகூட மாறவில்லை. அதற்குக் கீழே ஒரு வரி: "உன் அம்மாவுக்கு மூட்டு வலி தேவலையா? எண்ணெய் தேய்க்கச் சொல்."

லெக்சரர் அம்மாவின் தாயார் போய்ச் சேர்ந்து இருபது வருடம் ஆகிறது. அந்தச் சாவுக்குத் தாராளம் இரண்டு பஸ் மாறி வந்தவர்.

அந்த வரியில் அம்மாவின் பேனா நிற்கத்தான் செய்தது. ஏதோ உறுத்தியது. ஆனால் முப்பத்துநான்கு வருடத் திருத்துக் கை, அதுபாட்டுக்குப் போகும். அந்த வரிக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டு, "கவனமே இல்லை" என்று எழுதியது. சுவருக்கு நேரே, "மூன்றாம் முறை. பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதினாயா?" என்று எழுதியது. வட்டத்துக்குள் பத்துக்கு இரண்டு. உறை ஒட்டியாகிவிட்டது. தபால் பெட்டிக்குள் போய் விழுந்தும் ஆகிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை பழுப்பு உறை வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை.

"மழை மேடம்" என்றார் தபால்காரர். "எல்லாப் பையும் லேட்டாத்தான் வருது."

"ஸ்டேஷன் மாஸ்டர் கடுதாசி மட்டும் நனையாம வந்திருக்கே."

தபால்காரர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினார். மூன்றாவது வெள்ளி அவர் குரலே கொடுக்கவில்லை. மற்றக் கடிதங்களைக் கதவிடுக்கில் செருகிவிட்டுத் திருடனைப் போல் நழுவிவிட்டார்.

அதற்கு நாலாவது நாள் ஃபோன் வந்தது. பேசியவள் தாராளத்தின் மருமகள். ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவள், வளவளவென்று பேசத் தெரியாது.

"மேடம், அத்தை உங்களுக்கு எழுதறதை நிறுத்திட்டாங்க."

"ஏம்மா, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தினம் உக்காந்து எழுதுறாங்க. எழுதினதைக் கிழிச்சுப் போடுறாங்க. கூடை கூடையா அள்ளுறேன். ஏன் அத்தை கிழிக்கிறீங்கன்னு கேட்டா, இது போனா ரெண்டுதான் வரும்ங்கிறாங்க. நீங்க ரெண்டு போட்ட தாளைத் தலைமாட்டுலயே வெச்சிருக்காங்க மேடம். எது தப்புன்னு தேடிக்கிட்டே இருக்காங்க. கண்டுபிடிக்க முடியல."

லெக்சரர் அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"மறதி நோய்னு டாக்டர் சொல்லி ஆறு மாசமாச்சு. உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. நானும் வாயைத் திறக்கல. இப்ப பார்க்க முடியல மேடம், அதான்."

அம்மா ஃபோனை வைத்தார். அப்புறம் எழுந்து, பெரிய அறையில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தார். நாற்பத்தோரு வருடக் கடிதம் அதில் இருந்தது. தாராளத்தின் கடிதம் ஒன்றாவது எடுத்துப் படிக்க வேண்டும் போல் இருந்தது. பெட்டியை அடிவரை கிளறிய பிறகுதான் உறைத்தது: அதில் இருந்ததெல்லாம் அவரே எழுதியவை. தாராளம் எழுதிய அத்தனையையும் சிவப்பாக்கித் தாராளத்துக்கே திருப்பி அனுப்பியாகிவிட்டது. இவரிடம் மிஞ்சியது தாராளம் எழுதிய ஓரத்துக் குறிப்புகள்தான். "அபாரம்." "அழ வைக்கிறாயே." "இதை எழுதும்போது சாப்பிட்டாயா இல்லையா?" "ஒன்பது." "ஒன்பது." "ஒன்பது." தன்னுடைய சொந்த வார்த்தைகளுக்கு நடுவே தோழியைப் பொறுக்கி எடுப்பது அரிசியில் கல் பொறுக்குவது போல் இருந்தது. கண்ணாடி நனைந்துகொண்டே இருந்தது. கண்ணாடி நனைந்துகொண்டே இருந்தது.

அன்றைக்கே எழுதினார். "உன் கடிதம் இல்லாமல் வெள்ளிக்கிழமை விடிய மாட்டேன் என்கிறது. என்ன தோன்றுகிறதோ எழுது. எப்படி வருகிறதோ அப்படி எழுது. நான் இருக்கிறேன்."

பதினைந்து நாள் கழித்து ஒரு மெல்லிய உறை வந்தது. அரைப் பக்கம். முகாமில் ஒரு பையன் விடை எழுதாமல் படம் வரைந்திருந்ததில் ஆரம்பித்து, பாதியில் அந்தப் பையன் தாராளத்தின் மகனாகி, மகனுக்குக் காய்ச்சலாகி, மாத்திரையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்பதோடு நின்றிருந்தது.

லெக்சரர் அம்மா அதை நாலு தடவை படித்தார். ஓரமெல்லாம் எழுதினார். "அருமை." "எவ்வளவு அழகு." "இப்படி யார் எழுதுவார்கள்?" கீழே பெரிய வட்டம் போட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக, பத்துக்குப் பத்து என்று போட்டார். தபாலில் சேர்த்ததும் மனசு லேசானது. செய்த பாவத்துக்கு ஈடு கட்டியாகிவிட்டது என்று நினைத்தார். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கக்கூடத் தூங்கினார்.

ஐந்தாம் நாள் ஃபோன். மருமகளின் எண்தான், குரல் தாராளத்துடையது. ஃபோனைக் கண்டாலே பிடிக்காத மனுஷி.

"யாருடி போட்டது இந்தப் பத்து?"

"நான்தான் போட்டேன்."

"பொய். கருமி போடமாட்டா. அவ என் புருஷன் செத்ததுக்கே ஏழுதான் போட்டா."

"நல்லா இருந்துச்சு. போட்டேன்."

"எது நல்லா இருந்துச்சு? நான் என்ன எழுதினேன், சொல்லு பார்ப்போம்."

லெக்சரர் அம்மா ஃபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"மருமக சொல்லிட்டாளா உனக்கு?" என்று தாராளம் கேட்டார். அந்தக் குரலில் அன்றைக்கு ஒரு குழப்பமும் இல்லை. மேகம் விலகிய ஒரு நிமிஷம் போல அவ்வளவு தெளிவு. "சொல்லியிருப்பா. அவளைக் குத்தம் சொல்லல. உன்னைத்தான் சொல்றேன். ரெண்டு போட்டே, அழுதேன். சரி, அது நீ. பத்துப் போட்டா என்னடி அர்த்தம்? பரீட்சை முடிஞ்சுது, மணி அடிச்சாச்சு, பேப்பரைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போன்னுதானே? என்னைப் பாஸ் பண்ணி வெளியில அனுப்புறியா?"

"இல்லடி."

"செத்தவங்களைப் பத்திப் பேசுற மாதிரி எழுதியிருக்கே ஓரமெல்லாம். அருமையாம். அழகாம். நான் இன்னும் இருக்கேன் கருமி. கொஞ்சம்தான் இருக்கேன். இருக்கிறவரைக்கும் என்னைத் திருத்து."

பெரிய கூட்டங்களில் எழுந்து நின்று ஒன்றரை மணி நேரம் தடங்கலில்லாமல் பேசிய லெக்சரர் அம்மாவுக்கு இதற்குச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைத்தது.

"தாளைத் திருப்பி அனுப்பு. மறுமதிப்பீடு பண்ணணும்."

"அப்படி வா வழிக்கு" என்றார் தாராளம்.

தாள் திரும்பி வந்தது. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு அம்மா உட்கார்ந்தார். பத்தை அடித்தார். "பையன் எப்போது உன் மகன் ஆனான்? நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது" என்று எழுதினார். "மாத்திரை கிடைத்ததா இல்லையா? முடிக்காமல் விடாதே" என்று எழுதினார். அதோடு படம் வரைந்த அந்தப் பையனைப் பற்றித் தாராளம் எழுதியிருந்த ஒரு வரி நிஜமாகவே நன்றாக இருந்தது. 'அவனுக்குக் கேள்வி புரியவில்லை, ஆனால் சும்மா இருக்கவும் மனசில்லை' என்ற வரி. அதற்கு நேரே ஒரு டிக் போட்டார். வட்டத்துக்குள் நாலு.

அதற்கப்புறம் ஐந்து மாதம் பழுப்பு உறைகள் வந்தன. வெள்ளிக்கிழமை என்று கணக்கில்லை, எந்தக் கிழமையும் வந்தன. சிலது தெருப் பெயர்கூட இல்லாமல், ஊர்ப் பெயரோடு மட்டும் வந்தது. உறையைப் பார்த்துத் தபால்காரரே கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். மூன்று, நாலு, மூன்றரை என்று அம்மா போட்டார். ஒரு நாளும் இரக்கப்பட்டுக் கால் மார்க்கூடக் கூட்டவில்லை. ஒரு கடிதத்தில், "நேற்று குளியலறைக்குப் போகும் வழி வீட்டில் இல்லை. இன்று இருக்கிறது. யார் எடுத்துப் போனது என்று கேட்டால் சிரிக்கிறார்கள்" என்று இருந்தது. அதற்கு ஐந்தரை போட்டுவிட்டுப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். இரக்கத்துக்குப் போட்டதல்ல அந்த ஐந்தரை. நியாயமான ஐந்தரை.

ஆனால் ஒன்று கவனித்தார். இவர் எழுதிய கடிதங்கள் திரும்பி வரும்போது ஓரம் காலியாக இருந்தது. முதலில் குறிப்புகள் போயின. பிறகு ஒன்பதும் போயிற்று. கடைசியில் ஒரு நாள் இவர் அனுப்பிய உறை பிரிக்கப்படாமலே, பிரிக்கப்படாத இன்னொரு உறையோடு சேர்ந்து திரும்பி வந்தது.

லெக்சரர் அம்மா கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆறு மணி நேரப் பயணம். முழங்கால் கெஞ்சியது. கேட்டைத் திறந்துவிட்ட மருமகள் வங்கிக்கு லீவு போட்டிருந்தாள். உள்ளே, ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் தாராளம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு எழுதும் அட்டை. தலை முழுக்க வெளுத்திருந்தது. முகம் மட்டும் கழுவிவைத்த பாத்திரம் போல் பளிச்சென்று இருந்தது.

"அத்தை, யாரு வந்திருக்காங்க பாருங்க."

தாராளம் நிமிர்ந்து பார்த்தார். மரியாதையாகப் பார்த்தார். அந்த மரியாதை போதும், விஷயம் புரிந்துவிட்டது.

"பேப்பர் கட்டு வாங்க வந்தவங்களா? உக்காருங்க. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

மருமகள் வாயைத் திறந்தாள். லெக்சரர் அம்மா கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"ஆமாங்க. கட்டு வாங்கத்தான் வந்தேன். அவசரம் இல்ல, முடிச்சுட்டே கொடுங்க."

"முடியத்தான் மாட்டேங்குது. என் கூட ஒருத்தி இருக்கா, அவளால லேட்டு. ஒவ்வொரு பேப்பருக்கும் சண்டை. மார்க் போடச் சொன்னா அவ வீட்டு நகையைக் கேட்ட மாதிரி முழிப்பா."

"அவ்வளவு கஞ்சமா?"

"கஞ்சம்னா கஞ்சம். கருமின்னே பேரு. ஆனா ஒண்ணு சொல்றேங்க, அவ நாலு போட்டா அது நாலு. நான் ஒன்பது போட்டா யாரு நம்புறா? எல்லாருக்கும் ஒன்பது." தாராளம் சிரித்தார். "நல்ல முடி அவளுக்கு. இடுப்பு வரைக்கும். பின்னி விட்டா மேசையில விழும், மையில தோயும். உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்."

"எப்படி இருக்கா?"

லெக்சரர் அம்மா தன் தலையில் மிச்சம் இருந்த நாலு முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கா. கால்வலிதான் கொஞ்சம்."

"அவளுக்கு எதுக்குக் கால்வலி, சின்ன வயசு." தாராளம் அட்டையில் செருகியிருந்த தாள்களை எடுத்தார். ஒன்றாக அடுக்கினார், மறுபடி கலைத்து அடுக்கினார், நாலாக மடித்தார். "இதை அவகிட்ட கொடுத்துடுறீங்களா? இந்தப் பொண்ணுகிட்ட கொடுத்தா தபால்ல போடுறதே இல்ல."

"போடுறேன் அத்தை" என்றாள் மருமகள். கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்.

"நீங்களே கையில கொடுங்க. வாசல்ல வெச்சுட்டுப் போயிடாதீங்க."

"கையிலேயே கொடுக்கிறேன்."

தாராளம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, இரகசியம் போல் குரலைத் தாழ்த்தினார். "அவ ஒத்தையா இருக்கா. கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்ல. வாரத்துக்கு ஒரு கடுதாசி வரலைன்னா தவிச்சுப் போயிடுவா, வெளியில சொல்லமாட்டா. அதுக்காகத்தான் எழுதுறேன். இல்லைன்னா இருக்கிற வேலையில யாருங்க உக்காந்து எழுதுறது?"

லெக்சரர் அம்மா தாளைக் கைப்பைக்குள் வைத்து மூடினார். மூடி சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை அழுத்தினார்.

வாசல் வரைக்கும் வந்த மருமகள் கேட்டாள். "நீங்கதான்னு ஏன் மேடம் சொல்லல? சொல்லியிருந்தா ஒருவேளை ஞாபகம் வந்திருக்கும்."

"வந்திருந்தா ஒரு விருந்தாளி கிடைச்சிருப்பா அவளுக்கு. வரலைன்னா? நான்தான் கருமின்னு ஒரு கிழவி வந்து நின்னா, அவ யாருக்கும்மா எழுதுவா?"

மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் வரேன்" என்றார் அம்மா. "கட்டு வாங்கிட்டுப் போறவ வந்திருக்கான்னு சொல்லு, போதும். திருத்தின பேப்பரைக் கருமி கொடுத்தனுப்பினதா நானே கொண்டுவந்து கொடுத்துடுறேன்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டும்வரை பையைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தார். நாலு தாள். முதல் தாளில் 'அன்புள்ள கருமிக்கு' என்று எழுதி, கீழே குளியலறைச் சுவர். இரண்டாவதிலும் அதே சுவர். மூன்றாவதில் சுவர் பாதியில் நின்று, 'நீ சாப்பிட்டாயா' என்று ஒரு வரி. நாலாவதில் 'நீ சாப்பிட்டாயா' மட்டும், மேலிருந்து கீழ்வரை, வரி வரியாக.

பக்கத்து சீட்டில் மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அம்மா கையில் எடுத்திருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தாள்.

"டீச்சரா நீங்க? பரீட்சைப் பேப்பரா?"

"ஆமாம்மா."

"இந்த வயசுலயும் விடலையா உங்களை? பாவம் அந்தப் பிள்ளை, எழுத்தே கோணல்மாணலா இருக்கு. பெரியவங்க, கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

"பார்த்துப் போட முடியாது" என்றார் லெக்சரர் அம்மா. "போட்டா கோவிச்சுக்குவா."

பஸ் குலுங்கிக்கொண்டே போனது. கைப்பையைப் பலகையாக வைத்துக்கொண்டு, முதல் தாளிலிருந்து, ஒவ்வொரு வரியாக, அவர் திருத்த ஆரம்பித்தார்.